அமைதின்னா என்னங்க? சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில் போன ஞாயிற்றுக்கிழமை, அமைதியைப் பற்றி ஒவ்வொரு படிப்பும் என்ன சொல்கிறது என்று பேசினேன். அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் பேசினால் எப்படி இருக்கும்? நீண்டுவிட்டது. கேள்விக்கு நேரமில்லாமல் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வந்தேன். பதில்கள் இதோ.

கல்லூரி மாணவி, சத்தியமங்கலம்: ஐயா, போர் இல்லாவிட்டால் அமைதிதானே? அதற்கு எதற்கு இத்தனை விளக்கம்?

அப்படியே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது கண்ணு. தத்துவவாதி ஹாப்ஸ் 1651-லேயே சொன்னார்: இரண்டு தூறல் போட்டதை வைத்து மழைக்காலம் என்று சொல்ல மாட்டோம், பல நாள் மூட்டம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் சொல்வோம். போரும் அப்படித்தான். அடித்துக்கொள்ளும் நாள் மட்டுமல்ல, அடித்துக்கொள்ளத் தயாராக நிற்கும் காலம் முழுக்கப் போர்தான். மீதிதான் அமைதி. அந்தக் கணக்குப்படி மீதி ரொம்பக் கொஞ்சம்.

நார்வேயின் அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1960-களில் இதை இரண்டாகப் பிரித்தார். அடிதடி இல்லாதது எதிர்மறை அமைதி. நியாயமும் ஒத்துழைப்பும் இருப்பது நேர்மறை அமைதி. தேர்வுக்கு இது போதும். கூடவே குறளையும் எழுது: "உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும் சேராது இயல்வது நாடு." வரிசையைப் பார், பகை மூன்றாவதாகத்தான் வருகிறது.

பெயர் வேண்டாம் என்றவர், காங்கேயம் பக்கம்: எங்க ஊர்ல ஐம்பது வருசமா ஒரு சண்டை கிடையாதுங்க. அவங்கவங்க அவங்கவங்க இடத்துல இருந்தாங்க. இப்பத்தான் கேஸு கீஸுன்னு அமைதி போச்சு.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நான் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் உள்ளே எவர்சில்வர் டம்ளர் அடுக்கியிருக்கும். வெளியே, கூரை முனையில் ஆணியில் இரண்டு அலுமினிய டம்ளர் தொங்கும். சிலர் அதை அவர்களே எடுத்து, டீயை உயரத்திலிருந்து ஊற்ற வாங்கிக் குடித்து, அவர்களே கழுவி, திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் திட்டியதில்லை. கடைக்காரர் "வாப்பா, வேலைக்குப் போகலையா" என்று சிரித்துக்கொண்டுதான் ஊற்றுவார். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. ஆணி அப்படியே இருந்தது.

இதற்குத்தான் கால்டுங் 1969-இல் 'கட்டமைப்பு வன்முறை' என்று பெயர் வைத்தார். அடிப்பவர் என்று கை நீட்டிக் காட்ட ஆள் இருக்காது, அடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். சமூகவியலில் எனக்கு உருப்படியாகப் பட்ட கருத்து இது. எல்லாவற்றையும் வன்முறை என்றால் சொல்லுக்கே அர்த்தம் போய்விடும் என்று இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரின் ஐம்பது வருஷத்தைப் பற்றி, வெளியே நின்று குடித்தவர் வீட்டில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

நிலத் தகராறில் இருப்பவர், தாராபுரம்: தாசில்தார் ஆபீசில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்தினார்கள். யார் பக்கம் நியாயம் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

அங்கே சொல்ல மாட்டார்கள். பேச்சில் முடியாவிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வரும் (பழையதில் 145). அதில்கூட நிர்வாக நடுவராக உட்காரும் அதிகாரி பார்ப்பது, இப்போது நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும்தான். யாருக்குச் சொந்தம் என்பது சிவில் கோர்ட்டின் வேலை. 126-ஆம் பிரிவில் (பழைய 107), தகராறு செய்ய மாட்டேன் என்று ஒரு வருஷம் வரை பத்திரம் எழுதி வாங்கலாம். சட்டத்தின் அமைதிக்கு ரத்தம் சிந்தாமல் இருந்தால் போதும்.

விவசாயி, கீழ்பவானிப் பாசனம்: தண்ணி பத்தாத இடத்துல அமைதி எங்கேருந்துங்க வரும்? பொருளாதாரம் படிச்சவங்க இதுக்கு என்ன சொல்றாங்க?

தண்ணீரால் சண்டை வரும் என்று எல்லாரும் சொல்கிறோம், நீங்கள் தினமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதை யாரும் சொல்வதில்லை. கீழ்பவானியில் 2,07,000 ஏக்கர். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது என்பதால் ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்ததற்கு இரட்டைப்படை மதகு. என் அப்பா தண்ணீர் முறைக்கு ராத்திரி மூன்று செல் டார்ச்சும் மம்முட்டியுமாக வாய்க்கால் மேட்டில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அடுத்த முறைக்காரர் பத்தடி தள்ளித் துண்டை விரித்திருப்பார். இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள், ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

பொதுச் சொத்தை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வதை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியது கிட்டத்தட்ட இந்த இரண்டு துண்டுகளுக்காகத்தான் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். முறைப்பாசனத்தில் முடிக்கப் போகிறவரும் தொடங்கப் போகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதால் காவலுக்குத் தனிச் செலவில்லை என்று அவர் எழுதினார். கூடவே இன்னும் சில: விதியைப் பாசனக்காரர்களே போட வேண்டும், முதல் தப்புக்குச் சின்ன அபராதம், வழக்கு பக்கத்திலேயே மலிவாகத் தீர வேண்டும். ஸ்பெயினின் வலென்சியாவில் பாசனக்காரர்களின் நீதிமன்றம் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் கூடுகிறது. விசாரணை முழுக்க வாய்ப்பேச்சுத்தான், தீர்ப்பும் அங்கேயே. நம்ம ஊர்த் திண்ணைப் பஞ்சாயத்து மாதிரி என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். திண்ணையில் யாருக்கு உட்கார இடம் என்று கேட்டால், மேலே காங்கேயம்காரர் கேள்விக்கே திரும்பிப் போய்விடும்.

பள்ளி ஆசிரியர், பெருந்துறை: முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு செக்ஷன் பசங்களை ஒன்றாக உட்காரவைத்து விருந்து போடலாமா?

சாப்பாட்டை எடுத்து அடித்துக்கொள்வார்கள். நிஜமாகவே நடந்தது. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை இரண்டு அணியாக்கி முகாமில் போட்டிக்கு விட்டார். பகை முற்றியபின் சேர்ந்து சாப்பிடவைத்தும் படம் காட்டியும் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் முகாமுக்குத் தண்ணீர் வராமல் செய்தார். தொட்டிவரை போய் எங்கே அடைப்பு என்று எல்லாரும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. இந்த மாதிரி இரண்டு மூன்று வேலைக்குப் பிறகுதான் இறுக்கம் தளர்ந்தது. விருந்தை விடுங்கள், இரண்டு செக்ஷனும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலை ஒன்றைப் பிடியுங்கள்.

பொறியியல் மாணவர், ஈரோடு: கணக்கில் அமைதி வருமா சார்?

வரும். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற வானிலைக் கணிதர் ஆயுதப் போட்டிக்குச் சமன்பாடு எழுதினார். நீ ஒன்று வாங்கினால் நான் எவ்வளவு வாங்குவேன், செலவு எங்கே இருவர் கையையும் கட்டும் என்று. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர்.

வரலாற்று ஆர்வலர், சங்ககிரி: உடன்படிக்கை போட்டால் அமைதிதானே?

1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்துப் போட்டார். உங்கள் சேலம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. 1799-இல் மறுபடி போர், திப்பு மாண்டார், கோயம்புத்தூரும் போனது. நடுவே 1795-இல், ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதிய முதல் விதி: அடுத்த போருக்கான காரணத்தை மனசுக்குள் ஒளித்துவைத்துப் போடும் உடன்படிக்கை அமைதி ஆகாது. அது வெறும் இடைவேளை.

தமிழாசிரியை, பவானி: அமைதி, சமாதானம், சாந்தி என்று மூன்று சொல் எதற்கு?

சாந்தி தணிவது. சமாதானம் வடமொழியில் சேர்த்துவைப்பது. நம் பக்கம் "சமாதானமாப் போங்க" என்றால், இளைத்தவனைப் பார்த்து விட்டுக்கொடு என்று சொல்வதாகவே பாதி நேரம் இருக்கிறது. 'அமை' வேறு மாதிரி: நல்ல இடம் அமையணும், வேலை அமையணும் என்கிறோமே, அந்த அமை. பொருந்தி உட்காருவது. இலக்கணத்தில் வழுவமைதி நடத்தியிருப்பீர்கள், தப்புத்தான் ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்கிறோம் என்பது. மேய்ந்துவிட்டு வரும் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பதைத் திணை வழு என்று எந்த வாத்தியாரும் சுழித்ததில்லை. எங்கள் வீட்டு மாட்டை அம்மா "வாடி சாமி" என்றுதான் கட்டுத்தறிக்குக் கூப்பிடுவார்.