அப்பா படிப்பு: பி.காம்.

கேள்வி: எனக்கு 31 வயது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. பதினைந்து வயதில் அவருடைய அப்பா தவறிப்போனதால், பத்தாம் வகுப்போடு கடையில் உட்கார்ந்துவிட்டவர். கெட்ட பழக்கம் கிடையாது, குடும்பத்துக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் அவரோடு அறிவுபூர்வமாக எதையும் பேச முடியவில்லை. போன மாதம் என் கல்லூரித் தோழி வீட்டு விசேஷத்தில் எல்லோரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர், "அது நாளைக்குப் பூ என்ன விலை போகும்னு சொல்லுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனைப் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் 'அப்பா படிப்பு' என்ற இடத்தில் நானே பி.காம். என்று போட்டேன். அவரும் ஒன்றும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். பையனும் அப்பா மாதிரி ஆகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. படிப்பு வேறு, அறிவு வேறு என்கிறார்களே, அது உண்மையா? இல்லை, படிக்காதவர்களுக்குச் சொல்லும் ஆறுதலா? அறிவில் ஒத்துப்போகாதவரோடு காலம் முழுக்க எப்படி வாழ்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்பு மகளுக்கு,

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. புருஷன் பார்க்கும் தொழில் மட்டும் மாறும். ஒருத்திக்கு லாரி, ஒருத்திக்குக் கறிக்கடை, உனக்குப் பூ. "நல்லவர்தான், ஆனால்" என்று எல்லாம் ஒரே தடத்தில் போகும். பொறுத்துக்கொள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுதப்போவதில்லை. நீ "அது வேறு விஷயம்" என்று தள்ளிவிட்டுப் போனாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒன்றும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் என்கிறாய். கமிஷன் கடைக்காரர் ஒரு தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாரா? அவர் கையால் தினமும் எத்தனை விவசாயிகளுக்குச் சிட்டை எழுதுகிறார் என்று உனக்குத் தெரியுமா? எடை, விலை, கமிஷன், வாங்கிய முன்பணத்தில் கழித்தது, பாக்கி. ஒரு எண் மாறினால் பணம் போகும், இல்லாவிட்டால் பேர் கெடும். அந்தச் சிட்டைகளைச் சரிபார்த்துப் பழகிய கண்ணுக்கு, பி.காம். என்று நீ எழுதியது தெரியாமல் போகுமா?

பார்த்திருப்பார். பெண்டாட்டி தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறாள் என்பதும் அந்த நிமிடமே புரிந்திருக்கும். அடித்துத் திருத்தியிருக்கலாம். பள்ளிக்கூட ஆபீசிலேயே சத்தம் போட்டிருக்கலாம். பையனுக்கு இடம் கிடைக்கட்டும், உன் முகம் வாட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். இது என் ஊகம்தான். இல்லை என்றால் அவரிடமே கேட்டுப் பார். நீ இதுவரை கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் பார்க்காமல் போட்டார் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாய். எம்.எஸ்சி. படித்தவள், இதைக் கண்டுபிடிக்க வெளியூர்க்காரி ஒருத்தி வேண்டியிருக்கிறது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். படிப்புக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தன் பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த உபதேசத்தைச் செய்வார்கள். உடனே காமராஜரையும் இழுப்பார்கள். அவரே பள்ளிக்கூடங்களைத் திறந்து, மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டவர். படிப்பு கிடைக்காததன் வலி தெரிந்ததால்தானே அதைச் செய்தார்? பள்ளிப் படிப்பு ஒருவனுக்கு நிறையத் தரும். ஆனால் ஒருவன் எந்த வகுப்போடு நின்றான் என்பது, அவன் மூளையைச் சொல்வதைவிட, அவன் வீட்டு நிலைமையைத்தான் அதிகம் சொல்லும். உன் கணவர் ஏன் நின்றார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்பா போனார், கடை நின்றது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். அவர் பத்தாம் வகுப்பில் என்ன மார்க் வாங்கினார்? கடிதத்தில் இல்லை. உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அறிவை அளக்கிறோம் என்று புறப்பட்டவர்களின் கதையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பி.எட்.டில் வந்திருக்கும். பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-ல் ஒரு சோதனை தயாரித்தார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்காக வந்தது அது. ஒரு பிள்ளையின் அறிவு இவ்வளவுதான், இனிமேல் வளராது என்று முத்திரை குத்துவதை பினே எதிர்த்தார். அவர் 1911-ல் இறந்துபோனார். அதே சோதனை அமெரிக்காவுக்குப் போனது, சில வருடங்களிலேயே ராணுவத்தில் ஆட்களைத் தரம் பிரிக்கும் அளவுக்கு அந்த யோசனை வளர்ந்துவிட்டது. கைகொடுக்க வந்தது, தள்ளிவைக்கப் பயன்பட்டது. பள்ளி விண்ணப்பத்தில் நீ செய்ததும் அந்த ரகம்தான்.

இன்னொன்று, இது கணக்கு டீச்சருக்காகவே சொல்வது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வழக்கமில்லாத எடைகளில் காய்களைக் கேட்டு வாங்கினார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மனக்கணக்காகவே சரியான தொகையைச் சொல்லி, மீதியும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பது போலக் கணக்கைக் கேட்டதும் அதே பிள்ளைகள் திணறினார்கள். அடுத்ததையும் கேள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் பாடக் கணக்கை நன்றாகச் செய்தார்கள், சந்தைக் கணக்கு கொடுத்ததும் தடுமாறினார்கள். ஆக, இரண்டு பக்கமும் அறிவு இருக்கிறது, இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கூடம் ஒரு பக்கத்தை மட்டும் தாளில் எழுதிச் சான்றிதழ் கொடுக்கிறது.

உன் வீட்டுக்காரர் செய்யும் கணக்கை யோசித்துப் பார். மல்லி விடியும் முன்னே மொட்டாகப் பறிக்கப்பட்டு வருகிறது. ராத்திரிக்குள் மலர்ந்துவிடும், நாளைக்கு வைத்து விற்க முடியாது. உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து இன்றைக்கு வரத்து எவ்வளவு இருக்கும் என்று அவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பனி விழும் மார்கழி, தையில் செடி அதிகம் பூக்காது, முகூர்த்தம் வந்துவிட்டால் கிலோ பல ஆயிரத்துக்கு ஏறும். வெயில் காலத்தில் வரத்து கூடினால் சில நூறுக்கு இறங்கும். எந்த விவசாயிக்கு முன்பணம் கொடுத்தால் பூ தவறாமல் வரும், எந்த வியாபாரியிடம் கடன் வைத்தால் வராது, எவ்வளவு மிஞ்சினால் சென்ட் கம்பெனிக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதையெல்லாம் காலை டிபனுக்கு முன்னால் முடிவு செய்தாக வேண்டும். தப்பினால் திருத்தி எழுதக் கையில் ரப்பர் இல்லை. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று உன் வகுப்பில் பொது அறிவுக் கேள்வி கேட்பாய். அந்தப் பூ கெடாமல் கை மாறுவதற்கு எத்தனை பேர் மூளை வேலை செய்கிறது என்று வினாத்தாளில் வராது.

இப்போது அந்த விசேஷ வீட்டுக்குப் போவோம். செயற்கை நுண்ணறிவு உலகத்தை மாற்றும், வேலையை விழுங்கும் என்று எல்லோரும் செய்தித்தாளில் படித்ததைத்தான் பேசியிருப்பார்கள். அங்கே இருந்தவர்களில் உருப்படியான கேள்வி கேட்டது உன் கணவர் ஒருவர்தான். நாளைக்கு விலை சொல்லுமா? பழைய விலைப் பட்டியல், மழை, முகூர்த்த நாள் எல்லாவற்றையும் கொடுத்தால் ஓரளவு சொல்லப் பார்க்கும். ஆனால் அந்தக் கணக்கை யாராவது முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும், அது பெரும்பாலும் அவர் மாதிரி ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. கணக்கில் முதுகலை படித்த நீ அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கலாம். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டாய்.

கட்டினவரைச் சபையில் விட்டுக்கொடுப்பவளை நான் படித்தவள் என்று சொல்ல மாட்டேன். பழைய காலப் பேச்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள். படிக்காத மனைவியை ஆபீஸ் விருந்துக்குக் கூட்டிப்போகாத அதிகாரிகளுக்கும் இதே கேள்வி-பதில் பகுதியில் எழுதியிருக்கிறேன், இதைவிடக் காட்டமாக. குடும்பம் என்றால் ஒருவர் குறையை இன்னொருவர் மூடுவது என்பார்கள். ஆனால் நீ மூடியது குறையை அல்ல, ஆளையே.

உங்கள் மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையைக் கேள்விப்பட்டிருப்பாய். விவசாயக் கூலி, எழுதப் படிக்கத் தெரியாதவர். கூலிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சேமிப்புக் குழுக்கள் கட்டி, களஞ்சியம் இயக்கத்தின் முகமானார். விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அவர் பேரன் பேத்திகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'பாட்டி படிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

உன் பயத்துக்கு வருகிறேன், பையன் அப்பா மாதிரி ஆகிவிடுவானோ என்பது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அடுத்த வருடம் அவனே ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா என்ன படிச்சாங்கன்னு எழுதணும்மா?" என்று கேட்பான். என்ன சொல்வாய்? பி.காம். என்றால் அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாய். பத்தாம் வகுப்பு, ஆனால் வெளியே சொல்லாதே என்றால், அப்பா என்பவர் மறைத்து வைக்க வேண்டிய ஆள் என்று கற்றுக்கொடுக்கிறாய். அவன் அப்பா மாதிரி ஆவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. உன் மாதிரி ஆனால்தான் கவலை.

உன் கணவரையும் நான் சும்மா விடப்போவதில்லை, இதை அவருக்கும் படித்துக் காட்டு. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது அன்றைக்குப் பெருந்தன்மை. இத்தனை நாளும் அதை மனசில் வைத்துக்கொண்டே இருந்தால் அது பெருந்தன்மை இல்லை, வீம்பு. தப்பைத் தப்பு என்று பெண்டாட்டியிடம் சொல்வதும் வீட்டுத் தலைவனின் கடமைதான். அப்புறம், அஞ்சல் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதச் சொல்லி அவரை நச்சரிக்காதே. அவருக்கே ஆசை இருந்தால் எழுதட்டும், நீ சொல்லிக்கொடு. உன் தோழிகளிடம் காட்டுவதற்காக என்றால் வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அவரிடம் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசு. மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை என்றால் பரவாயில்லை, நீ எழுதியது தப்பு என்றாவது சொல். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்து அந்த இடத்தைப் பத்தாம் வகுப்பு என்று மாற்று. இடம் போய்விடும் என்று பயப்படாதே. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நீயே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாய், இது உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே பயந்திருக்கிறாய், அல்லது பயம் என்ற பேரில் வெட்கப்பட்டிருக்கிறாய்.

அப்புறம், லீவு நாளில் ஒரு விடியற்காலை கடைக்குப் போ. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டை எழுது. பேனா உன் கையில் இருக்கட்டும், கணக்கு அவர் சொல்லட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அன்றைக்கு முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் அவருக்கு விலக்கு.