பெரிய ரிம் போடலாமா? – வாகனக் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2013 டொயோட்டா 86. கம்பெனி ரிம் 17 அங்குலம், டயர் 215/45 ஆர்17. நண்பர்கள் 19 போடச் சொல்கிறார்கள். டயர் கடையில் 18 போதும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஹட்டன், அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போய்வருவேன். வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு தோட்டப் பாதை. எதைப் போடலாம்?
– வாசகர், நானுஓயா

பதில்: உங்கள் பாதைக்கு 19 வேண்டவே வேண்டாம். 18 போடலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு இருக்கிற 17 அங்குல ரிம்மிலேயே முதல்தரமான டயர் நான்கு வாங்கிப் போட்டால் கார் அதைவிட நன்றாக வளைவில் நிற்கும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

215/45 ஆர்17 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீற்றர். அதில் 45 சதவீதம், அதாவது சுமார் 97 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம். ரிம் 17 அங்குலம், அது 431.8 மில்லிமீற்றர். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரையும் சேர்த்தால் முழு விட்டம் 625.3. மாற்றும் டயரின் விட்டம் இதற்கு இரண்டு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது. 225/35 ஆர்19 போட்டால் விட்டம் 640.1, அதாவது 2.4 சதவீதம் கூடுதல். பக்கச்சுவர் 79 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். 225/40 ஆர்18 என்றால் 637.2. இது 1.9 சதவீதம் கூடுதல், எல்லையில் நிற்கிறது. வேகமானி 100 காட்டும்போது கார் கிட்டத்தட்ட 102இல் ஓடும். 215/40 ஆர்18 என்றால் 629.2, கணக்குக்கு மிக நெருக்கம். ஆனால் பக்கச்சுவர் 86தான்.

கணக்கில் கவனிக்க வேண்டியது பக்கச்சுவர். தோட்டப் பாதையில் தார் உடைந்து நிற்கும் விளிம்பிலோ கானோரக் கல்லிலோ சக்கரம் ஏறும்போது அடியை வாங்குவது அதுதான். உயரம் போதாவிட்டால் கல்லுக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்துபோகும். வெளியே வெட்டு தெரியாது. இரண்டொரு நாளில் பக்கச்சுவரில் முட்டை போல ஒரு வீக்கம் எழும்பும். அதை ஒட்டவும் முடியாது, பாவிக்கவும் கூடாது, டயரைக் கழற்றி எறிய வேண்டியதுதான். கினிகத்தேனை இறக்கத்தில் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய ரிம் போட்டால் பிடிமானம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். பிடிமானம் ரப்பரின் கலவையிலும் டயரின் கட்டுமானத்திலும் அகலத்திலும்தான் இருக்கிறது. ரிம்மின் விட்டத்தால் கிடைக்கும் உண்மையான பயன், உள்ளே பெரிய பிரேக் தட்டு வைக்க இடம் உண்டாவது. நீங்கள் பிரேக்கை மாற்றப் போவதில்லையே. பதிலுக்கு எடை கூடும், அதுவும் அச்சிலிருந்து தள்ளி வெளிவட்டத்தில் கூடும். ஏற்றத்தில் அந்த எடையைச் சுழற்ற எஞ்சின் உழைக்க வேண்டும். 86இன் இரண்டு லீற்றர் எஞ்சின் மேல் சுற்றில்தான் பலம் காட்டும், ஆகவே கித்துல்கலையிலிருந்து ஏறி வரும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். இறக்கத்தில் அதே சுழற்சியைப் பிரேக் அடக்க வேண்டும். வாங்கும் முன் ரிம்மை டயரோடு தராசில் வையுங்கள். கொழுந்து நிறுக்கும் தராசே போதும். பழைய ஜோடியைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஒஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ரிம் காரில் பதியும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. கம்பெனி ரிம் 7 அங்குல அகலம், ஒஃப்செட் 48. கடையில் தரும் 18க்கு 8 அங்குலம், 45 என்பதை எடுத்துக்கொண்டால், ரிம்மின் வெளி உதடு 16 மில்லிமீற்றர் வெளியே வரும், உள் உதடு 10 மில்லிமீற்றர் சொக் அப்சோபர் பக்கம் போகும். இரண்டு பக்கமும் இடம் தேவை. சும்மா நின்ற இடத்தில் மாட்டிப் பார்த்து "உரசவில்லை" என்று சொல்வதை நம்பாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, டயருக்கும் சொக் அப்சோபருக்கும் நடுவே சுண்டுவிரல் போகிறதா பாருங்கள். குறைந்தது 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பிறகு மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கில் சுண்ணக்கட்டியைத் தடவிவிட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு கொண்டை ஊசி வளைவை மெதுவாக இரண்டு பக்கமும் எடுங்கள். மலைப் பாதையில்தான் முழு ஒடிப்பும் பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். சுண்ணம் அழிந்த இடம் டயர் தொட்ட இடம்.

எங்கள் சிபாரிசு: இருக்கிற 7 அங்குல ரிம்மிலேயே 225/45 ஆர்17. விட்டம் 634.3, 1.4 சதவீதம்தான் கூடும். பக்கச்சுவர் 101 மில்லிமீற்றர், இப்போதையதைவிடக் கூட நான்கு மில்லிமீற்றர் அதிகம். இந்த அளவு 7 அங்குல ரிம்மில் ஒழுங்காக உட்காரும். ரிம் மாற்ற ஆசை இருந்தால் 17க்கு 7.5, ஒஃப்செட் 48. இரண்டு பக்கமும் 6 மில்லிமீற்றர்தான் கூடும். பிசிடி (நட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 5க்கு 100, நடு ஓட்டை 56.1 என்பதையும் கடையில் சொல்லி வாங்குங்கள். டயர் மழைக்கு ஏற்றதாக இருக்கட்டும். நீங்கள் தாண்டும் வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. சுற்றிலும் ஓடும் அகலமான கால்வாய்கள் உள்ள டயரைத் தெரிவு செய்யுங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீற்றரில் இருக்கிறது என்றாலும், பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீற்றருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். டயர் அகலமாக ஆக, தண்ணீரின் மேல் மிதப்பதும் சீக்கிரம் தொடங்கும்.

கேள்வி: 1990களின் மஸ்டா எம்எக்ஸ்-5, 14 அங்குல ரிம். 185/60 ஆர்14இல் நல்ல டயர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. 15 போடவா, 16 போடவா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: 15. யோசிக்காதீர்கள். 185/60 ஆர்14இன் விட்டம் 577.6, 195/50 ஆர்15இன் விட்டம் 576. வேகமானிக்கு வித்தியாசமே தெரியாது. 16இல் 195/45 போட்டால் கணக்கு சரி வரும் (581.9), ஆனால் ஒரு டன்னுக்கும் குறைந்த காருக்கு அது எடைக் கூடுதல். அந்தக் காரின் உயிரே அதன் லேசில்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. எம்எக்ஸ்-5இன் பிசிடி 4க்கு 100, நடு ஓட்டை 54.1. நம் நாட்டில் நிறைய ஓடும் 121 கொரோலாவின் 15 அங்குல கம்பெனி அலாய்க்கும் இதே அளவுதான். 6 அங்குல அகலம், ஒஃப்செட் 45. தோற்றம் பிடித்திருந்தால் அதைப் போட்டாலே போதும், நடு ஓட்டையின் இடைவெளியை நிரப்பும் ரிங் எதுவும் தேவையில்லை. நட் விடயத்தில் மட்டும் கவனம்: இரண்டுக்கும் புரி எம்12க்கு 1.5தான் (12 மில்லிமீற்றர் தடிப்பு, புரிகளின் இடைவெளி 1.5), ஆனால் டொயோட்டா கம்பெனி அலாய்கள் பலவற்றில் நட் உட்காரும் இடம் தட்டையாக, வாஷர் வைத்த நட்டுக்கு ஏற்ப இருக்கும். மஸ்டாவின் கூம்பு நட்டை அதில் முறுக்கினால் ஓட்டையின் விளிம்பில் மட்டும் பிடிக்கும், ஓட ஓடத் தளரும். ஓட்டையை டோர்ச் அடித்துப் பார்த்து, அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: சுவிஃப்ட் ஸ்போர்ட்டுக்கு வெளியே வாங்கிய 17 அங்குல அலாய் போட்டேன். 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. இரண்டு கடையில் பெலன்சிங் செய்தும் போகவில்லை.
– வாசகர், கம்பளை

பதில்: பெலன்சிங் மெஷினில் ரிம் கூம்பினால் நடுவில் பிடிக்கப்படுகிறது, அதனால் அங்கே சரியாகத்தான் காட்டும். காரில் அது நடுவில் உட்காரவில்லை. வெளி ரிம்கள் பலவற்றில் நடு ஓட்டை 73.1. உங்கள் காரின் ஹப் (ரிம் மாட்டும் நடுக்குமிழ்) 60.1. இடையில் 13 மில்லிமீற்றர் காலி. நட் முறுக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சரிந்து உட்காருகிறது, அதுதான் நடுக்கம். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 60.1 உள்ள ஹப் ரிங் நான்கு வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இறம்பொடை இறக்கம் போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக் சூடு ஹப்புக்கு ஏறினால் பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் வாங்குங்கள். மாட்டும் முன் ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். துருவின் மேல் ரிங் நேராக உட்காராது.

நட் எம்12க்கு 1.25, கூம்பு 60 பாகை. 1.5 புரி நட்டை ஏர்கன்னால் அடித்து ஏற்றினால் ஸ்டட்டின் (நட் ஏறும் ஆணியின்) புரி போய்விடும். முதல் நான்கைந்து சுற்று கையால் வரவேண்டும். சக்கரம் தூக்கி இருக்கும்போதே நட்சத்திர வரிசையில் மெதுவாக இறுக்கி, இறக்கியபின் டோர்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தடவை. இதற்குப் பிறகும் நடுங்கினால் ரிம் வளைந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, ஒரு பேனையை உதட்டுக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தால் தெரியும்.

கேள்வி: கொழும்பில் 33 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு நுவரெலியா வருகிறேன். குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாற்ற வேண்டுமா? என் டயர் 40 சீரிஸ் (பக்கச்சுவர் அகலத்தில் 40 சதவீதம்).
– வாசகர், நுவரெலியா

பதில்: மாற்ற வேண்டாம். 30 பாகையில் அடித்த காற்று 12 பாகைக் குளிரில் சுருங்கி, அளவியில் சுமார் 3 பிஎஸ்ஐ குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு, அதனால் அளவி அவ்வளவு கூடக் காட்டும். ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகிறது. விடியற்காலை ஓடாத காரில் பார்த்தால் திரும்ப 33க்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

பிழை நடப்பது வேறு இடத்தில். மலை ஏறி வந்த சூட்டோடு பெட்ரோல் செட்டில் பார்த்தால் 37, 38 காட்டும். "கூடிப்போச்சு" என்று திறந்து விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை அது 28, 29இல் நிற்கும். 40 சீரிஸ் டயரில் இதுதான் ரிம்மை வளைக்கும். காரை நிறுத்தி மூன்று மணிநேரமாவது ஆனபிறகே காற்றைப் பாருங்கள். பக்கச்சுவரில் எக்ஸ்எல் (கூடிய சுமை தாங்கும் வகை) என்று அச்சிட்டிருந்தால் அந்த டயர் முழுச் சுமையைத் தாங்க 42 பிஎஸ்ஐ வேண்டும், சாதாரண டயருக்கு 36 போதும். ஆகவே கம்பெனி டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறினால், கதவுச் சட்டத்தில் ஒட்டிய அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட வையுங்கள்.

கேள்வி: ரதல்ல மலையேற்றப் போட்டியில் ஓட ஆசை. தினசரி ஓட்டுவதற்கும் அதே டயர் போதுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: போதாது. ஓட்டம் மிகக் குறுகியது, டயர் சூடேற நேரமே கிடைக்காது. அதற்கு ட்ரெட்வெயர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று பக்கச்சுவரில் குறிக்கும் எண்) 200 அல்லது அதற்குக் கீழே உள்ள மென்மையான ரப்பர் உதவும். அதே டயர் நானுஓயா மழையில், 10 பாகைக் குளிரில், சவர்க்காரம் பூசியது போல வழுக்கும். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே விட்டம். போட்டி செட்டுக்குக் கம்பெனி ரிம்மே போதும்.

கேள்வி: கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பாவித்த அலாய், டயரோடு மலிவாகத் தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஹட்டன்

பதில்: முதலில் டயரின் பக்கச்சுவரில் தயாரிப்புக் காலத்தைக் காட்டும் நான்கு இலக்கம். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ (டயரின் பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடத்தைத் தாண்டிய டயரை ஸ்போர்ட்ஸ் காருக்கு எடுக்க வேண்டாம், ரப்பர் கல்லாகியிருக்கும். டயரின் விலையைக் கழித்துவிட்டு ரிம்முக்கு மட்டும் பேரம் பேசுங்கள்.

ரிம்மை டயர் கழற்றித்தான் பார்க்க வேண்டும், கடைக்காரர் மறுத்தால் நடையைக் கட்டுங்கள். முன்முகம் பளபளப்பாக இருக்கும், விரிசல் இருப்பது பின்பக்க உதட்டில். ரிம்மின் உட்புற வளையத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விரலால் சுற்றி வர வருடுங்கள். வெல்டிங் வைத்துத் தேய்த்த இடம் கொஞ்சம் தட்டையாகவோ மேடாகவோ படும், பெயின்டின் நிறமும் அங்கே மாறும். ஜேடபிள்யூஎல், வீஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இரண்டும் ரிம்மிலேயே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். நட் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், அது ஒரு காலத்தில் தளர்ந்த நட்டோடு ஓடிய ரிம், எடுக்காதீர்கள். அகலமும் ஒஃப்செட்டும் ஆரக்காலின் பின்புறம் அச்சிட்டிருக்கும். அதை உங்கள் காரின் ரிம்மோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.