பேரிங் போனதை டிரான்ஸ்மிட்டர் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: பம்ப்பின் பேரிங் ஹவுசிங்கில் வைப்ரேஷன் டிரான்ஸ்மிட்டர் (அதிர்வை அளந்து கன்ட்ரோலுக்கு அனுப்பும் சென்சார்) மாட்டியிருக்கிறோம். ரீடிங் மாதக்கணக்கில் வினாடிக்கு 2.5 மி.மீ.யைத் தாண்டவே இல்லை, ஆனால் ஒரு நாள் திடீரென்று சத்தம், பிரித்துப் பார்த்தால் பேரிங் காலி. சென்சார் கோளாறா?

பதில்: பெரும்பாலும் சென்சார் மேல் தப்பிருக்காது. சாதாரண டிரான்ஸ்மிட்டர் சுமார் 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைக்குள் வரும் அதிர்வை எல்லாம் ஒரே வேக எண்ணாக (ஹவுசிங் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று) சுருக்கி 4–20 மில்லி ஆம்பியராக அனுப்புகிறது (4 என்றால் பூஜ்யம், 20 என்றால் ரேஞ்சின் உச்சம்), அவ்வளவுதான். அன்பேலன்ஸ் (சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது), அலைன்மென்ட் கோளாறு, போல்ட் தளர்ச்சி இதெல்லாம் அதில் நன்றாகத் தெரியும், ஏனென்றால் 1500 ஆர்.பி.எம். மெஷினில் அவை 25, 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான் வரும். பேரிங்கில் முதலில் வருவது ஒரு சின்னக் குழி. ஒவ்வொரு பந்தும் அதன்மேல் ஏறி இறங்கும்போது ஒரு குட்டி அடி விழுந்து, உலோகம் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அங்கே ஆக்சலரேஷன் (முடுக்கம்) அதிகமாக இருந்தாலும் வேகமாகக் கணக்கிட்டால் ஒன்றுமே தெரியாது, அதுவும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஃபில்டர் வெட்டிவிடுகிறது. வேக ரீடிங் ஏறுகிறது என்றால் பேரிங் ஏற்கெனவே கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

அதனால் பேரிங்தான் கவலை என்றால் ஆக்சலரேஷன் அல்லது என்வலப் (அந்தக் குட்டி அடிகளை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும்) அவுட்புட் தருகிற மாடலை வாங்குங்கள். இல்லையென்றால் கச்சா சிக்னலைத் தனியாக எடுக்க வழியுள்ள டிரான்ஸ்மிட்டராகப் பார்த்து வாங்கி, அவ்வப்போது அனலைசர் வைத்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற படம்) பாருங்கள். இன்னொன்று, ஸ்டட் போட்டு இறுக்கினால்தான் அந்த உயர்ந்த அதிர்வெண் சென்சாருக்கு ஒழுங்காக வந்து சேரும்; மேக்னெட்டில் ஒட்டினால் பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். ஃபேன் கவர் மேல் மாட்டுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: கையில் வைத்துப் பார்க்கும் மீட்டர் 4.2 காட்டுகிறது, அதே இடத்தில் பி.எல்.சி. (மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினி) 5.9 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: 5.9-ஐ 4.2-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.4 வருகிறதா? ஒன்று ஆர்.எம்.எஸ். (ஒரு வகைச் சராசரி), இன்னொன்று பீக் (உச்ச அளவு) என்று சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் இடையே 1.414 என்ற விகிதம் சுத்தமான சைன் அலைக்குத்தான் பொருந்தும், இருந்தாலும் பல கருவிகள் ஆர்.எம்.எஸ்.ஸை அப்படியே பெருக்கி பீக் என்று காட்டுகின்றன. அதிர்வுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 10816, அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் 20816 இரண்டிலும் ஹவுசிங் அதிர்வுக்கான வேக எல்லைகள் ஆர்.எம்.எஸ்.ஸில்தான் இருக்கின்றன, அலாரம் போடும்முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விகிதம் வேறாக வந்தால் பி.எல்.சி.யின் ஸ்கேலிங்கைப் பாருங்கள். வினாடிக்கு 0–25 மி.மீ. ரேஞ்ச் டிரான்ஸ்மிட்டரில் 12 மில்லி ஆம்பியர் என்றால் 12.5 வர வேண்டும்.

கேள்வி: 300 ஆர்.பி.எம். ஃபேனுக்கு இதே மாடல் போதுமா?

பதில்: போதாது. 300 ஆர்.பி.எம். என்றால் 5 ஹெர்ட்ஸ், அது இந்த மாடல் அளக்கத் தொடங்கும் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அன்பேலன்ஸே கண்ணில் படாது. 2 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து அளக்கும் மாடலாகக் கேளுங்கள்.

கேள்வி: மெஷின் ஓடுகிறது, ஸ்கிரீனில் அதிர்வு சுத்தமாக 0. சந்தோஷப்படலாமா?

பதில்: ஓடுகிற மெஷினில் பூஜ்யமா? கேபிள் அறுந்திருக்கும். கரன்ட் 4-க்குக் கீழே போனாலும் சில புரோகிராம்கள் அதை 0 மி.மீ. என்றே காட்டிவிடும், செத்த சென்சார் நல்ல மெஷின் மாதிரி தெரியும். 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் தனியாக ஒரு ஃபால்ட் அலாரம் வரும்படி புரோகிராமில் போட்டுவிடுங்கள்.