அம்மா குடிக்கும் அந்த ஈசோப்பு எண்ணெய்

கேள்வி: எருசலேம் பயணம் போய்வந்த சபை அக்கா ஒருவர் 'எருசலேம் ஈசோப்பு எண்ணெய்' என்று ஒரு சின்ன பாட்டிலை 2,500 ரூபாய்க்குக் கொடுத்தார். 51-ஆம் சங்கீதத்தைக் காட்டி, தினமும் வெந்நீரில் நாலு சொட்டு குடித்தால் உள்ளம் சுத்தமாகும் என்கிறார். அம்மா குடிக்க ஆரம்பித்துவிட்டார். இது வேதத்தில் உள்ள செடிதானா?

பதில்: முதலில் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் சகோதரி, மீதி அப்புறம். இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஹிஸ்ஸோப்பஸ் அஃபிசினாலிஸ் என்ற செடியின் எண்ணெய். அதில் உள்ள பினோகேம்ஃபோன் என்ற பொருள் வலிப்பை வரவழைக்கக்கூடியது. நான் எபிரேயம் படித்தவன், மருத்துவன் இல்லை. பாட்டிலோடு அம்மாவை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இனி செடி. எபிரேயத்தில் அதன் பெயர் 'எசோவ்'. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஓசை ஒத்துவந்த 'ஹிஸ்ஸோப்போஸ்' என்ற சொல்லைப் போட்டார்கள், நம் ஈசோப்பு அந்த வழியில் வந்தது. 1753-இல் தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதே பெயரை வேறொரு செடிக்கு வைத்தார், அது இஸ்ரேல் மண்ணில் தானாக வளர்வதே இல்லை. எசோவ் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்வது அரபுக்காரர்கள் ஸாத்தர் என்று சொல்லி, எள்ளோடு கலந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் செடியை. கசக்கி முகர்ந்தால் ஓமமும் கற்பூரவல்லியும் சேர்ந்த வாசனை. இலையெல்லாம் மெல்லிய ரோமம், அதனால் கொத்தாகத் தோய்த்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், உதறினால் தெறிக்கும். யாத்திராகமம் 12:22-இல் இரத்தத்தில் தோய்த்து நிலைக்காலில் பூசியது இந்தக் கொத்தால்தான், லேவியராகமம் 14-இல் குஷ்டரோகிமேல் தெளித்ததும் இதனால்தான். நாம் மாவிலையால் தண்ணீர் தெளிப்போமே, அந்த மாதிரி. 'ஈசோப்பினால் சுத்திகரியும்' என்று சங்கீதக்காரன் கேட்பது இந்தத் தெளிப்பைத்தான். அதைக் குடித்ததாக வேதத்தில் ஒரு இடமும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 1 இராஜாக்கள் 4:33-இல் 'சுவரில் முளைக்கிற ஈசோப்பு' என்று வருகிறது, ஆனால் ஸாத்தர் மலைச்சரிவுச் செடி. அதனால் அது கேப்பர் செடியாக இருக்கும் என்று சிலர் வாதாடுகிறார்கள். கேப்பர் உண்மையிலேயே சுவர்ப் பொந்தில் வளரும், எருசலேம் மேற்குச் சுவரில் இன்றும் தொங்குகிறது. ஆனால் முள்ளும் வழவழப்பான இலையுமாக இருப்பதை வைத்து எதைத் தெளிப்பது? போதாததற்கு, ஸாத்தரும் கல்லிடுக்கில் முளைக்கும். அந்த வசனத்தின் நோக்கமே வேறு, வானம் தொடும் கேதுருவிலிருந்து யாரும் சீந்தாத பூண்டு வரை சாலொமோனுக்குத் தெரியும் என்பதுதான். குஷ்டரோகியின் சடங்கில் கேதுருவும் ஈசோப்பும் சேர்ந்து வருவதற்கு பழைய யூத வேத உரையாசிரியர் ராஷி சொல்லும் விளக்கமும் இதே வழிதான்: கேதுருபோல் நிமிர்ந்தவன் ஈசோப்புபோல் தாழ வேண்டும். அந்தத் தாழ்ந்த பூண்டுக்குத்தான் 2,500 ரூபாய்!

இன்னொன்று கேளுங்கள். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னாவில், சுத்திகரிப்புக்குக் கிரேக்க ஈசோப்பு ஆகாது, ரோம ஈசோப்பு ஆகாது, அடைமொழி ஒட்டிய எந்த ஈசோப்பும் ஆகாது என்று இருக்கிறது. உங்கள் பாட்டிலில் 'எருசலேம்' ஒட்டியிருக்கிறதே. மலையில் நாங்களே பறித்தது என்றும் விற்பார்கள், இஸ்ரேல் 1977-லேயே ஸாத்தரைப் பாதுகாக்கப்பட்ட செடியாக அறிவித்துவிட்டது. அடுத்த பயணத்தில் 'யாத்திராகமம் 30 அபிஷேக தைலம்' வரும். அதில் சேரும் பொருள்களைச் சொல்லும் 23-ஆம் வசனத்தை லேபிளில் அடிப்பார்கள், அதைப்போல் செய்கிறவன் அறுப்புண்டுபோவான் என்ற 33-ஐ அடிக்கமாட்டார்கள். பஸ்ஸை நேராகக் கமிஷன் கடை வாசலில் நிறுத்தும் கைடும் சொல்லமாட்டார். சபையிலாவது சொல்லலாம். இறையியல் கல்லூரியில் எபிரேயத்தைப் பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்டு, பிரசங்க மேடையில் ஈசோப்பு ஈசோப்பு என்று முழங்குகிறவர்களை என்ன செய்வது, என்னிடம் உள்ள வேதாகமத்தில் இதற்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

அக்காவோடு சண்டை வேண்டாம், அவரும் ஏமாந்தவர்தான். டாக்டர் பார்த்தபின் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் மூடி இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.