ஐந்து நிமிடக் குடியரசுக் கட்சிக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஹாம்ப்ஷயரில், நாஷுவாவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எனக்கும் மனைவிக்கும் இங்கே ஓட்டு உண்டு, இருவருமே எந்தக் கட்சியிலும் பதியவில்லை. எங்களைப் போன்றவர்கள், கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவு செய்யும் பிரைமரித் தேர்தல் நாளன்று இரண்டு கட்சிகளில் ஏதாவது ஒன்றின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். நவம்பரில் நான் எப்போதும் போடுவது ஜனநாயகக் கட்சிக்குத்தான். ஆனால் 2024 ஜனவரி 23 அன்று குடியரசுக் கட்சிச் சீட்டை வாங்கி, டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்குப் போட்டேன். டிரம்ப் வரக்கூடாது, அவ்வளவுதான் காரணம். போட்டுவிட்டு, அங்கேயே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மறுபடியும் கட்சியில்லாதவன் ஆகிவிட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம் குடியரசுக் கட்சிக்காரனாக இருந்திருப்பேன்.

இது அழுகுணி ஆட்டம் என்கிறாள் மனைவி. அவள் ஜனநாயகக் கட்சிச் சீட்டை வாங்கி, அதில் இல்லாத பைடனின் பெயரைக் கையால் எழுதிவிட்டு வந்தாள். அவருக்கு வயதாகிவிட்டது என்று வழியெல்லாம் புலம்பல் வேறு. கலிஃபோர்னியாவில் இருக்கும் மைத்துனரோ எல்லாக் கணக்கும் வீண் என்கிறார். 2020-இல் அவர் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பீட் பூட்டஜெஜுக்குப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த மனிதர் விலகிவிட்டார். 2028 அதிபர் தேர்தல் பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. பிடித்தவருக்குப் போடுவதா, கணக்குப் பார்த்துப் போடுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வீட்டு வழக்கு. விதியை மீறினால்தான் அழுகுணி ஆட்டம். அந்தப் படிவத்தை வைத்திருப்பதே உங்கள் மாநிலச் சட்டம்தான். கட்சியில் சேராதவரையும் கூப்பிட்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மனதளவில் எங்கள் ஆளாக இருந்து போடு என்று யாரும் கேட்க முடியாது.

ஆனால் இதிலேயே எனக்குப் பிடிக்காத வகை ஒன்று உண்டு. 2008-இல் குடியரசுக் கட்சியில் மெக்கெய்ன் முடிவாகிவிட்ட பிறகு, ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் ஹிலாரியும் மோதிக்கொண்டிருந்தார்கள். ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் தன் நேயர்களிடம், அந்தப் பக்கம் போய் ஹிலாரிக்குப் போடுங்கள், சண்டை நீளட்டும் என்றார். ‘குழப்ப நடவடிக்கை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். மே மாதம் இந்தியானாவில் ஹிலாரி ஏறக்குறைய பதினான்காயிரம் வாக்கில் ஜெயித்தார். அதில் இந்தக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேடிக்கை நவம்பரில் நடந்தது. சண்டை நீண்டதால் ஒபாமா அந்த மாநிலத்தில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி தொடாத இந்தியானாவை அவர் அந்த முறை எடுத்துக்கொண்டு போனார்.

நீங்கள் செய்தது அது இல்லை. ஹேலி ஜெயித்திருந்தால் உங்களுக்குத் தூக்கம் போயிருக்காது. நான் பார்ப்பது அதைத்தான். நாம் போடும் ஆள் நிஜமாகவே வந்துவிட்டால் தாங்குவோமா? தாங்குவோம் என்றால் கணக்குப் பார்ப்பதில் எனக்குத் தடையில்லை.

அப்புறம், அந்தக் கணக்கு பலிக்குமா என்பது வேறு கதை. அதற்கு 2016-ஐப் பார்க்க வேண்டும். குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து ரூபியோ, கேசிக், குரூஸ் என்று பலர் நின்ற வருடம் அது. தென் கரோலினாவில் டிரம்புக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாக்கு. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரதிநிதிகள். அங்கிருந்த 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். மற்றவர்கள் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டு வெறுங்கையோடு நின்றார்கள். மார்ச் 15 ஒஹையோவிலும் ஃபுளோரிடாவிலும் தேர்தல். இரண்டிலும் முதலில் வருபவருக்கே எல்லாம். அதற்குச் சில நாள் முன்பு ரூபியோவின் செய்தித் தொடர்பாளர், ஒஹையோவில் டிரம்பைத் தடுக்க நினைப்பவர்கள் கேசிக்குக்குப் போடலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். கேசிக் தரப்பு பதிலுக்கு ஃபுளோரிடாவில் அப்படிச் சொல்லவில்லை. கேசிக் ஒஹையோவின் 66 பேரை எடுத்தார். ஃபுளோரிடாவின் 99 பேர் டிரம்புக்கு. ரூபியோ அன்றிரவே விலகினார்.

ஏப்ரல் கடைசியில் குரூஸும் கேசிக்கும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியானா குரூஸுக்கு, ஆரெகனும் நியூ மெக்சிகோவும் கேசிக்குக்கு என்று. ஞாயிறு இரவு அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் ஒரு உணவகத்தில் நிருபர்கள் கேட்டபோது, இந்தியானாக்காரர்கள் எனக்குத்தான் போட வேண்டும் என்றார் கேசிக்! ஒரு ராத்திரிகூடத் தாங்காத ஒப்பந்தம். அதை நம்பிக் கணக்குப் போட்ட வாக்காளர் என்ன செய்வார்? மே 3 அன்று டிரம்புக்கு 53 சதவீதம், குரூஸுக்கு 37, கேசிக்குக்கு 8-க்கும் சற்றுக் குறைவு. இருவரையும் கூட்டிப் பாருங்கள், அப்போதும் எட்டவில்லை.

உங்கள் ஜனவரி அவ்வளவு சிக்கலாக இல்லை. போட்டியில் இருந்த கிறிஸ்டி ஜனவரி 10 அன்று விலகினார், டிசாண்டிஸ் 21 அன்று. எஞ்சியது இருவர் மட்டும் என்பதால் யாருக்குப் போட்டால் யாருக்கு நஷ்டம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. டிரம்ப் 54 சதவீதம், ஹேலி 43. உங்கள் மாநிலத்தில் பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பிரிப்பதால் ஹேலிக்கும் பங்கு கிடைத்தது. அதே வாக்கைக் கலிஃபோர்னியாவில் போட்டிருந்தால்? பாதிக்கு மேல் வாங்கியவருக்கு 169 பேரும் மொத்தமாகப் போகிற இடம் அது. போனதும் அப்படித்தான்.

மைத்துனருக்குக் கணக்கு தப்பவில்லை, தபாலில் அவசரப்பட்டுவிட்டார். 2020-இல் பைடன் அயோவாவில் நான்காவது, உங்கள் ஊரில் ஐந்தாவது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் ஜெயித்தார். மறுநாள் பூட்டஜெஜ் விலகினார், அதற்கடுத்த நாள் இன்னொரு போட்டியாளர் குளோபச்சர். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் பத்தைப் பைடன் பிடித்தார். மூன்று நாளில் ஆட்டம் தலைகீழ். கூட்டம் அதிகமாக இருக்கும் போட்டியில் சீட்டைக் கடைசி நாள்வரை மேசையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் போட்டால் யாரும் பரிசு தருவதில்லை.

2028-இல் யார் நிற்பார்கள், எந்த மாநிலம் முதலில் என்று இப்போது பேசுவது பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைக்கிற கதை. அதை விடுவோம்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். 2024-இல் ஜனநாயகக் கட்சி முதல் பிரைமரி நடத்தும் இடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்திருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் விட்டுக்கொடுக்காமல் தன் தேதியிலேயே நடத்தியது, அதனால் பைடன் அங்கே பெயரே கொடுக்கவில்லை. சீட்டில் டீன் பிலிப்ஸ் இருந்தார், மரியான் வில்லியம்சன் இருந்தார். வயதுதான் குறை என்றால் பிலிப்ஸ் ஐம்பதுகளில் இருந்தவர், அதையே சொல்லி நின்றவர். அவரைத் தாண்டி, வயதாகிவிட்டது என்று தானே புலம்பிய ஒருவரின் பெயரை, அச்சில் இல்லாததை, பேனாவால் எழுதிவிட்டு வந்திருக்கிறார் உங்கள் மனைவி. எதற்காக என்று கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் எனக்கும் எழுதுங்கள். அவர் போட்ட கணக்கு என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை.