பல டிராக், ஒரே கார், ஒரே செட் டயர்: ராலி கேள்வி பதில்

மிச்சிகனில் வேலை பார்த்த காலத்தில் நான் கலந்துகொண்ட 'ஒன் லேப் ஆஃப் அமெரிக்கா' ராலியைப் பற்றி ஊரில் பேச்சு வந்ததிலிருந்து, தொண்டி முதல் சாயல்குடி வரை கார் பிரியர்கள் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. இது டக்கார் மாதிரி மணலில் ஓட்டும் போட்டியா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. இல்லை. இது ஒரு ரேஸ் டிராக்கிலிருந்து இன்னொரு ரேஸ் டிராக்குக்கு நாடு சுற்றும் ராலி. பகலில் டிராக்கில் ஓட்ட வேண்டும், உங்கள் கார் எத்தனை நொடியில் சுற்றி வந்தது என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் மூட்டை கட்டி, அதே காரில் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் 5,000 கி.மீ. வரை போகும். காரை ஏற்றிச் செல்ல டிரெய்லர் கூடாது. பின்னால் மெக்கானிக் வண்டி வரக் கூடாது. சாலைக்கு அனுமதியுள்ள ஒரே செட் டயரில்தான் முழு ராலியையும் முடிக்க வேண்டும்.

இதைத் தொடங்கியவர் புரோக் யேட்ஸ் என்ற கார் பத்திரிகையாளர். 1971-ல் 'கேனன்பால்' என்று ஒன்றை ஆரம்பித்தார். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, பொதுச்சாலையில், யார் சீக்கிரம் போகிறார்கள் என்பதுதான் அதில் பந்தயம். சட்டத்துக்குப் புறம்பானது. 1984-ல் அதே மனிதர் ஒன் லேப்பைத் தொடங்கினார். இன்று அதன் வேகமெல்லாம் டிராக்குக்குள் மட்டும்தான். டிராக்குகளுக்கு இடையிலான சாலைப் பயணத்தில் வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. மறுநாள் காலையில் சரியான நேரத்துக்குப் போய் நின்றால் போதும். எனக்கு இந்தப் போட்டி பிடித்ததற்கு முதல் காரணமே இதுதான்.

ராமநாதபுரம், வங்கி ஊழியர்: சாதாரணக் காரை வைத்துக்கொண்டு கலந்துகொள்ள முடியுமா சார்?

முடியும். நானும் நண்பரும் போனது ஒரு ஹோண்டா சிவிக்கில். நிஸ்ஸான் ஜிடி-ஆர், போர்ஷே எல்லாம் வரும், மேலிடங்களை அவை எடுத்துக்கொள்ளும். ஆனால் எஸ்யூவி, பழைய கார், சிக்கனக் கார் என்று தனித்தனிப் பிரிவுகள் இருப்பதால் நம்மைப் போன்ற காரோடுதான் நமக்குப் போட்டி. வருகிறவர்களில் பெரும்பாலோர் லீவு போட்டுவிட்டு வரும் பொறியாளர், கடைக்காரர், டாக்டர் மாதிரி ஆட்கள்.

மண்டபம், விசைப்படகு மெக்கானிக்: அண்ணே, நான் டிரைவிங்கில் சுமார்தான். இன்ஜின் வேலை நன்றாகத் தெரியும். எனக்கு இதில் இடம் உண்டா?

உங்களைத்தான் முதலில் கூட்டிப்போவேன். படகு கடலுக்குக் கிளம்பும்போது பெல்ட், ஃபில்டர், ஸ்பேனர் எல்லாம் உள்ளேயே இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? நடுக்கடலில் இன்ஜின் நின்றால் கடைக்கு ஓட முடியாது. இந்த ராலியும் அப்படித்தான், கையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

நாங்கள் கொண்டுபோனவை: கூடுதலாக ஒரு செட் பிரேக் பேட், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், ஹோஸ் கிளிப்புகள், நல்ல ஜாக்கி, டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), டயர் கேஜ், 12 வோல்ட் காற்று பம்ப், கேபிள் டை, டேப். அப்புறம் ஒரு தார்ப்பாய். தார்ப்பாய் எதற்கு என்றால், டிராக்கில் இறங்குமுன் காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். மழை பெய்தால் உங்கள் துணிமணி, செருப்பு, பற்பசை எல்லாம் தரையில் நனையும். ஓட்டம் முடிந்ததும் திரும்ப அடுக்க வேண்டும். இந்த இறக்குவதும் ஏற்றுவதும் ஒரு வாரம் முழுக்க நடக்கும். ஓட்டுவதைவிட இது அதிகம் களைப்பாக்கும்.

உங்கள் வேலை டயரில் தொடங்கும். குளிர்ந்த டயரில் 32 பிஎஸ்ஐ இருந்தால், டிராக்கில் சூடேறி 38, 40 வரை போகும். பிடிமானம் குறையாமலிருக்கக் கொஞ்சம் காற்றை இறக்குவோம். அதே டயர் ராத்திரி குளிர்ந்ததும் காற்று குறைந்து கிடக்கும். அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் ஓரம் தேய்ந்துவிடும், வெடிக்கவும் கூடும். ஆகவே டிராக்கை விட்டு வெளியே வந்து டயர் ஆறியதும் காற்றடிக்க வேண்டும். சக்கர நட்டையும் ஆறிய பிறகு டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும் (எங்கள் சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர்). ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆயில் ஸ்டிக். இதையெல்லாம் சலிக்காமல் செய்ய ஒரு ஆள் இருக்கும் அணி கடைசி நாள் வரை வரும். நன்றாக ஓட்டத் தெரிந்து இது தெரியாத அணிகள் பாதி வழியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தொண்டி, டாக்ஸி ஓட்டுநர்: டிராக்கில் ஓட்ட முதலில் இன்ஜினை மாற்ற வேண்டுமா, சஸ்பென்ஷனையா?

இரண்டும் வேண்டாம். பிரேக்கைப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு, அவ்வளவும் சூடாக டிஸ்க்கில் இறங்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு தரக் கணக்கு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

நம் கரையில் காற்றிலேயே ஈரம். அதனால் டிராக்குக்குப் போகாதவர்கள்கூடப் பிரேக் ஆயிலை மாற்றும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது. உப்புக் காற்றில் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பின்கள் துருப்பிடித்து இறுகும். ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் போட வேண்டும்.

டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆற விடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

தங்கச்சிமடம், இளைஞர்: அண்ணே, இங்கே டிராக் இல்லை. தனுஷ்கோடி ரோடு நேராக இருக்கிறது. விடியற்காலை ஆளில்லாத நேரத்தில் அங்கே டைம் எடுத்துப் பழகலாமா?

கூடாது தம்பி. இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததிலிருந்து எனக்கும் அது மிகப் பிடித்த சாலை. இரண்டு பக்கமும் கடல், காற்று அடித்தால் தாரின் மேல் மணல் படிந்துவிடும். தார் மேல் மெல்லிய மணல் கிடந்தால் பிரேக் பிடித்தும் கார் வழுக்கும். விடியற்காலை ஆளில்லாத நேரம் என்று நினைக்கிறீர்கள். மீன்பிடிக்கக் கிளம்பும் குடும்பங்கள் அப்போதுதான் சாலையில் இருக்கும். சூரியோதயம் பார்க்க வரும் வேன்களும் அதே நேரம்தான். டிராக்கில் தடம் மாறினால் ஓடி அடங்க இடம் இருக்கும், கொடி காட்ட ஆள் இருப்பார்கள், ஆம்புலன்ஸ் நிற்கும். அங்கே ஒன்றும் இல்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி, அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டாலோ வேகச் சோதனை செய்தாலோ முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வழக்கமான கார் இன்சூரன்ஸ் செல்லாது, பாலிசியிலேயே எழுதியிருக்கும்.

தேவிபட்டினம், ஒரு தாயார்: தம்பி, என் மகன் இந்தப் பேச்சாகவே இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனிடம் என்ன சொல்வது?

அக்கா, உங்கள் பயம் நியாயமானது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் அவன் உங்களுக்குத் தெரியாமல் ஈசிஆரில் பழகுவான். டிராக்குக்கு அனுப்புகிறேன், ஆனால் நம் ஊர்ச் சாலையில் நீ எப்படி ஓட்டுகிறாய் என்று முதலில் ஆறு மாதம் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். டிராக்கில் ஓட்டிப் பழகியவர்களில் நிறையப் பேர் சாலையில் நிதானமாகிவிடுவார்கள். கார் எவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஏர்வாடி, பள்ளி ஆசிரியை: பெண்கள் வருகிறார்களா அண்ணா? வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட் போதுமா?

வருகிறார்கள், ஓட்டவும் செய்கிறார்கள். நம் ஊரிலேயே சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு சேர்ந்து பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டியவர். பைக் ஹெல்மெட் போதாது. கார் பந்தயத்துக்கான ஸ்நெல் எஸ்ஏ தர முத்திரை உள்ளதை வாங்குங்கள். அந்த ஹெல்மெட்டின் உள்துணி தீப்பிடிக்காதது, காருக்குள் இருக்கும் கம்பியில் மோதுவதையும் கணக்கில் வைத்துச் சோதித்தது. தலைக்கு இறுக்கமாக உட்கார வேண்டும். தலைத்துணி அணிபவர் என்றால் மெல்லிய பருத்தித் துணி அணிந்தபடியே போட்டுப் பார்த்து வாங்குங்கள். நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

சாயல்குடி, மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவர்: பார்த்தே இராத டிராக்கை எப்படி மூன்று சுற்றில் கற்றுக்கொள்வது?

நல்ல கேள்வி. பார்த்துக்கொள்ள ஒரு சுற்று, அப்புறம் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேரம் குறிக்கும் மூன்று சுற்று. அவ்வளவுதான் தருவார்கள். விஸ்கான்சினில் உள்ள ரோடு அமெரிக்கா ஏறத்தாழ 6.5 கி.மீ. நீளம், 14 வளைவு. அதை அன்று காலையில் கற்க முடியாது. வேறு கார்களின் உள்ளிருந்து எடுத்த வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்து, வளைவுகளை எண் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். நான் வெள்ளைத் தாளில் டிராக்கை வரைந்து பார்ப்பேன். வரைய முடியாத வளைவு எனக்கு இன்னும் தெரியாத வளைவு.

பார்த்துக்கொள்ளும் சுற்றில் வேகத்தை மறந்துவிட்டு மூன்றை மட்டும் தேடுங்கள்: கொடிக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், பிரேக் பிடிக்க அடையாளமாக எந்தப் பலகை அல்லது தார் ஒட்டு இருக்கிறது, எந்த வளைவின் மறுபுறம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத வளைவில் மெதுவாக நுழைந்தால் ஒரு நொடி போகும். வேகமாக நுழைந்தால் காரே போகும், காரோடு ஊர் திரும்பும் வழியும் போகும்.

உச்சிப்புளி, கடைக்காரர்: செலவு?

அமெரிக்காவில் நுழைவுக் கட்டணமே சில ஆயிரம் டாலர். மேலே டயர், பெட்ரோல், தங்குமிடம். இங்கிருந்து போய் வருவதென்றால் விமானமும் காரும் சேரும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

தொண்டி, அண்ணன் தம்பி இருவர்: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. இங்கேயே என்ன செய்யலாம்?

டிஎஸ்டி (நேரம், வேகம், தூரம்) ராலியில் தொடங்குங்கள். குறித்த தூரத்தை, குறித்த சராசரி வேகத்தில் கடக்க வேண்டும். தாமதமாக வந்தாலும் அபராதம், முந்தி வந்தாலும் அபராதம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ரோடு புக்கைப் பார்த்து வழியும் நேரமும் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி ஒருவர் மேல் ஒருவர் கோபப்படாமல் ஒரு நாள் முழுக்கக் காரில் இருக்க முடியுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இந்திய மோட்டார் பந்தயங்களின் தலைமை அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அங்கீகரித்த போட்டி என்றால் அவர்களிடம் போட்டி உரிமம் எடுக்க வேண்டும்.

டிராக் ஆசைக்குத் தமிழ்நாட்டிலேயே வழி இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. டிராக். கரி சிறியது, வளைவுகள் அடுத்தடுத்து வரும், புதியவருக்கு அதுவே நல்லது. இரண்டிலும் ஆர்வலர்களுக்கான டிராக் நாட்கள் நடக்கும். தேதி ஒத்துவரும்போது தொண்டியிலிருந்து கோவை, அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, திரும்பி ஊர் என்று ஒரே காரில், ஒரே டயரில் போய் வாருங்கள். மொத்தம் ஏறத்தாழ 1,300 கி.மீ. வரும். ஒன் லேப்பின் குணம் முழுக்க அதில் இருக்கிறது: டிராக், மூட்டை, நெடுஞ்சாலை, தூக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், தை பிறக்கட்டும். கோவையில் ஓட்டி முடித்த அன்று ராத்திரியே கிளம்பாதீர்கள். சாப்பிட்டு, தூங்கி, காலையில் நட்டையும் டயர் காற்றையும் பார்த்துவிட்டு எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ளுங்கள், கண் சொருகாவிட்டாலும்.