தவணைக்கு வந்த கார்: வாசகர் கேள்விகளும் மாஸ்டரின் பதில்களும்

போன இதழில் 1920களின் அமெரிக்கா பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கையெழுத்துப் புரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: சேர், 1920களில் அமெரிக்காவில் கார், ரேடியோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தன என்று படிக்கிறோம். அவ்வளவு காசு புழங்கிய நாடு 1929க்குப் பிறகு எப்படி ஒரேயடியாக விழுந்தது?
(உயர்தர மாணவன், பாலையூற்று)

பதில்: தம்பி, முதலில் குளிர்சாதனப் பெட்டியை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடும். 1930இலும் அது வசதியான வீட்டுச் சாமான்தான். அந்த ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரேடியோகூடப் பத்துக்கு நாலு குடும்பங்களிடம்தான் இருந்தது. ஊரெல்லாம் பரவியது கார்.

ஹென்றி போர்டின் மாடல் டி 1908இல் வந்தபோது 850 டொலர். விலை இறங்கி இறங்கி, 1925இல் ஆக மலிவான வகை 260 டொலருக்கு வந்தது. அதையும் ஒரேயடியாக எண்ணி வைக்க எத்தனை தொழிலாளிகளால் முடியும்? போர்டுக்குக் கடன் என்றால் பிடிக்காது. 1923இல் அவர் ஒரு திட்டம் போட்டார்: கிழமைக்கு 5 டொலர் வங்கியில் போட்டு வா, முழு விலையும் சேர்ந்த பிறகு காரை எடுத்துப் போ. அந்தத் திட்டம் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. போட்டிக் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸ் 1919இலேயே தனக்கென்று ஒரு கடன் நிறுவனம் தொடங்கியிருந்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் அன்றைக்கே காரில் வீட்டுக்குப் போகலாம், மிச்சம் மாதாமாதம். 1928இல் போர்டும் இறங்கிவந்து கடன் கம்பனி தொடங்கினார்.

தவணை முறை அப்போது புதிதல்ல. சிங்கர் தையல் மெஷினை அமெரிக்காவில் 1850களிலேயே தவணைக்கு விற்றார்கள். அந்தக் கம்பனி 1877இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. என் பெரியம்மாவின் மெஷின் அப்படி வாங்கியதுதான். ஆனால் அமெரிக்காவில் கொஞ்சம் வசதியான ஆட்கள் தவணைக்கு வாங்குவதை ஏழைகளின் பழக்கம் என்று மறைத்தே வைத்திருந்தார்கள். கார் வந்ததும் அந்த வெட்கம் போய்விட்டது. என் கணக்கில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய சமூக மாற்றம் இதுதான். இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ராபர்ட் லிண்டும் அவர் மனைவி ஹெலனும் 1920களின் நடுவில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். பழுதடைந்த வீடுகளில் கார் வைத்திருந்த 26 குடும்பங்களில் 21இன் வீட்டில் குளிக்கும் தொட்டி இல்லை!

இனி விழுந்த கதை. என் அப்பாவுக்கு மத்திய வீதியில் பலசரக்குக் கடை இருந்தது. கொப்பிக் கடன்தான். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில் ஏறும். கடன் வாங்கிய மீனவர்களுக்கு மீன் படாத மாதம் அப்பா முகத்தைச் சுழிப்பார், அப்புறம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார். தின்று முடித்த அரிசியைத் திருப்பி வாங்க முடியாதுதானே. அமெரிக்கத் தவணைக் கடனில் அந்த இளக்கம் கிடையாது. ஒன்றிரண்டு மாதம் தவறினால் பொருளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதுவரை கட்டிய காசும் போச்சு. பத்து மாதம் ஒழுங்காகக் கட்டியவனுக்கும் அதே கதிதான்.

1929 ஒக்டோபரில் பங்குச் சந்தை விழுந்ததும் சனத்துக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தது. வேலையோடு காரும் போகும். அதனால் 1930இல் குடும்பங்கள் தவணையை விடாமல் கட்டி, மற்ற எல்லாச் செலவிலும் கை வைத்தன. உடுப்பு வாங்கவில்லை, தளபாடம் வாங்கவில்லை, புதிதாக எந்தத் தவணையும் எடுக்கவில்லை. கடையில் வியாபாரம் இல்லை என்றால் ஆலையில் வேலை இல்லை. 1929இல் 50 இலட்சத்துக்கு மேல் வாகனம் செய்த நாடு 1932இல் சுமார் 13 இலட்சம்தான் செய்தது. 1933இல் நாலு தொழிலாளிக்கு ஒருவர் சும்மா இருந்தார். வங்கிகள் முறிந்ததும், விவசாயிகள் 1920களிலேயே விலை இல்லாமல் கிடந்ததும் வேறு பெரிய காரணங்கள். சோதனையில் அவற்றையும் எழுதும், இல்லாவிட்டால் புள்ளி குறையும். ஆனால் தவணையின் பிடி எப்படி என்று புத்தகத்தைவிட நல்லாகச் சொல்லக்கூடியவர்கள் பஸ் நிலையத்தடியில் நிற்கும் ஓட்டோக்காரர்கள். பிள்ளையின் சப்பாத்து அடுத்த மாதம், லீசிங் இந்த மாதம். கட்டத் தவறினால் ஓட்டோவைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கேள்வி: "கறுப்பாக இருந்தால் எந்த நிறமும் தருவேன்" என்று போர்ட் சொன்னாராமே. மாடல் டி எல்லாமே கறுப்பா?
(ஓய்வுபெற்ற ரயில் ஊழியர், சீனக்குடா)

பதில்: 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும். அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்களில் வந்தது. மொத்தம் ஒன்றரைக் கோடி செய்து 1927இல் நிறுத்தினார்கள். ஐயாவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று: திருகோணமலைக்கு ரயில் வந்ததும் அதே 1927இல்தான்.

கேள்வி: சலவை இயந்திரமும் மின்சார அயன்பெட்டியும் வந்து அமெரிக்கப் பெண்களுக்கு ஓய்வு கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். உண்மையாகவா? நான் நம்பவில்லை.
(ஆசிரியை, உப்புவெளி)

பதில்: ரீச்சர், நான் எழுதியது "ஓய்வு தருவோம் என்று விளம்பரம் சொன்னது" என்று. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயம். 1920களில் பெண்களிடம் எடுத்த நேரக் கணக்குகளில், வெளிவேலைக்குப் போகாதவர்களுக்கு வீட்டு வேலை வாரம் 50 மணிநேரத்துக்கு மேல். 1960களில் எடுத்தபோதும் குறைந்திருக்கவில்லை. மெஷின் வருமுன் பல குடும்பங்கள் உடுப்பை லோண்டரிக்கு அனுப்பின, அல்லது துவைக்க ஆள் வைத்தன. மெஷின் வந்ததும் அந்த வேலை வீட்டுக்குள் வந்து அம்மாவின் தலையில் ஏறியது. 1921, 1924 குடிவரவுச் சட்டங்களால் வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதும் குறைந்தது. கூடவே துப்புரவின் அளவுகோலும் உயர்ந்தது. எங்கள் வீட்டிலும் மெஷின் வந்த நாளில் இருந்து பெட்சீற் கிழமை தவறாமல் துவைபடுகிறது, முன்பு அப்படி இல்லை. (இதை வாசித்துவிட்டு வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.)

இன்னொன்று: 1930இல் மூன்றில் இரண்டு வீடுகளுக்கு மின்சாரம் இருந்தது, ஆனால் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான். கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் அரசுத் திட்டம் 1935இல்தான் தொடங்கியது. அதுவரைக்கும் பண்ணைப் பெண்கள் கிணற்றில் இறைத்த தண்ணீரில்தான் துவைத்தார்கள்.

கேள்வி: இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்தி விற்கும் விளம்பரமும் அங்கிருந்துதான் வந்ததா?
(மருந்துக்கடை ஊழியர், கிண்ணியா)

பதில்: அமெரிக்கா அதைத் தொடங்கியது என்று சொல்லமாட்டேன், 1920களில் நன்றாகத் தீட்டியது என்று சொல்வேன். லிஸ்டரின் 1879இல் கிருமிநாசினியாக வந்தது. 1920களில் அதை வாய்நாற்றத்துக்கு மருந்தாக்கினார்கள். தோழிகள் எல்லாருக்கும் கலியாணம் ஆகிறது, இவளுக்கு மட்டும் ஆகவில்லை, ஏனென்று யாரும் சொல்வதும் இல்லை. விளம்பரமே ஒரு சோகக்கதை. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இதைவிடக் கெட்டித்தனம் எட்வர்ட் பெர்னேஸ் செய்தது. உளவியலாளர் பிராய்டின் தங்கை மகன். பெண்கள் தெருவில் சிகரெட் பிடிப்பதை ஊர் பழித்த காலம். 1929 ஈஸ்டர் ஞாயிறு நியூயோர்க் ஐந்தாவது அவெனியு ஊர்வலத்தில் இளம் பெண்களைப் புகைத்துக்கொண்டு நடக்கவிட்டு, அதைப் பெண் விடுதலையின் சுடர் என்று பத்திரிகைகளில் எழுத வைத்தார். பின்னால் இருந்து காசு கொடுத்தது சிகரெட் கம்பனி. திறமை என்று ஒப்புக்கொள்கிறேன், மரியாதை இல்லை.

கேள்வி: கூடையைத் தூக்கிக்கொண்டு நாமே சாமான் எடுக்கும் கடையை யார் கண்டுபிடித்தது? எனக்கு அது பிடிக்கவே இல்லை.
(இல்லத்தரசி, அலஸ்தோட்டம்)

பதில்: அக்கா, ஆள் பெயர் கிளாரன்ஸ் சோண்டர்ஸ். 1916இல் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். அதுவரை அங்கும் என் அப்பாவின் கடை மாதிரித்தான்: நீங்கள் சொல்ல வேண்டும், கடைக்காரர் எடுத்து நிறுத்துத் தருவார். இவர் சாமானில் விலையை ஒட்டி, உள்ளே போக ஒரு சுழல்வாசல் வைத்து, வெளியே வரும் வழியில் காசு வாங்கினார். சம்பள ஆட்கள் குறைந்தார்கள், விலையும் குறைந்தது. 1920களில் கடைகள் ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் 1923இல் தன் கம்பனிப் பங்குகளை வளைத்துப் பிடிக்கப் போய்ப் பங்குச் சந்தைக்காரரோடு மோதி, கம்பனியையே இழந்தார். கட்டிக்கொண்டிருந்த இளஞ்சிவப்புப் பளிங்கு மாளிகையும் கையைவிட்டுப் போனது. நகரசபை அதை அருங்காட்சியகமாக்கியது. அங்கே அவருடைய முதற்கடையின் மாதிரி ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.